சேன் சீர் லாப்போப்பி: காரில் போகாதீர்கள், ஆற்றோரமாக நடந்து போங்கள்

பெங்களூரிலிருந்து பிரான்ஸுக்குக் கிளம்புகிறவர்கள் பாரிஸ் போதும் என்று நினைக்காமல் "ஒரு கிராமமும் பார்க்கணும்" என்று கேட்டால், நான் சொல்வது ஒரே ஊர்தான். நாட்டின் தென்மேற்கே, லோத் ஆற்றுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புப் பாறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சேன் சீர் லாப்போப்பி. பெயரில் 'சீர்' என்பதற்குக் கடைசியில் க்யூ எழுத்து இருக்கும், வாயில் வராது. அதைச் சேர்த்துச் சொன்னால் பஸ் டிரைவர் ஒரு நொடி யோசிப்பார். 2012-ல் பிரெஞ்சுத் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில், மக்களுக்குப் பிடித்த கிராமம் என்று தேர்வான ஊர் இது. அன்றிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை.

கூட்டம் எப்படி வருகிறது என்றால், காரில் பதினொரு மணிக்கு வந்து, ஊருக்கு மேலே கட்டணப் பார்க்கிங்கில் நிறுத்தி, சரிவில் இறங்கி, நாலு படம் எடுத்து, சாப்பிட இடம் கிடைக்காமல் ஒரு ஐஸ்கிரீமோடு திரும்பி ஏறிப் போய்விடுகிறது. நந்தி மலைக்கு ஞாயிறு காலை பத்து மணிக்குப் போகிற கதைதான். இந்த ஊருக்கு அதன் கீழிருந்து வர வேண்டும். ஆறு இருந்ததால்தான் ஊர் இருந்தது. ஆற்றிலிருந்து ஏறி வந்தால்தான் அது ஏன் அங்கே நிற்கிறது என்று காலுக்குப் புரியும். குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். பகல் கூட்டம் ஆறு மணிக்குக் கிளம்பிய பிறகு ஊர் ஏறக்குறைய உங்களுடையது.

போய்ச் சேருவது

விசா பற்றிச் சுருக்கமாக. கர்நாடகத்தில் வசிப்பவர்கள் விண்ணப்பத்தைப் பெங்களூரு வி.எஃப்.எஸ். விசா மையத்திலேயே கொடுக்கலாம். பயணத்துக்கு 6 மாதம் முன்னால் தொடங்கி 15 நாள் முன்வரை விண்ணப்பிக்கலாம் என்பது விதி; 15 நாளை நம்பி யாரும் உட்காராதீர்கள், கோடைக்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே இழுபறி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடைசி 10 வருஷத்துக்குள் வாங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாக இருக்க வேண்டும். கிராமத்தில் தங்குகிறவர்கள் சறுக்கும் இடம் தங்கும் அத்தாட்சி. ஒவ்வொரு இரவுக்கும் காகிதம் வேண்டும். கிராமத்து வீட்டுக்காரர் "வாங்க, பார்த்துக்கலாம்" என்று மெயிலில் எழுதினால் அது அத்தாட்சி ஆகாது; பெயர், தேதி, முகவரி எல்லாம் உள்ள முன்பதிவுக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கடிதத்தில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். இனிஷியலை விரித்து எழுதுகிற நம் பெயர்களில் இந்தக் குழப்பம் சகஜம்.

பக்கத்து ஊர் காவோர். கிராமத்துக்குக் கிட்டத்தில் ரயில் நிற்கிற இடம் அதுதான். பாரிஸில் இறங்கினால் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து துலூஸ் போகும் நேரடி ரயில் காவோரில் நிற்கும், ஐந்து மணி நேரத்துக்குமேல் ஆகும். விமான நிலையத்திலிருந்து ஓஸ்தர்லிட்ஸுக்கு ஆர்.ஈ.ஆர். பி என்கிற புறநகர் ரயிலில் கார் து நோர் நிலையம் வரை வந்து, மெட்ரோ 5-க்கு மாறினால் போதும். துலூஸ் வரை விமானத்திலேயே போய்விட்டால் அங்கிருந்து காவோர் ரயிலில் ஒண்ணேகால் மணி நேரம். பாரிஸ் தடத்தில் தண்டவாள வேலைக்காக அடிக்கடி ரயிலை நிறுத்துகிறார்கள், அதனால் டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் தேதிக்கு வண்டி உண்டா என்று பாருங்கள். காவோரில் ஒரு இரவு தங்கினாலும் வீண் இல்லை. மூன்று கோபுரம் வைத்த வலாந்த்ரே பாலம் 14-ம் நூற்றாண்டுக் கட்டுமானம். நடுக் கோபுரத்தின் மூலைக் கல்லில் ஒரு குட்டிச் சாத்தான் தொற்றிக்கொண்டு கல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். அது பழைய சிற்பம் இல்லை, 1879-ல் பழுதுபார்த்தபோது ஊர்க்கதைக்காகச் சேர்த்தது.

காவோரிலிருந்து ஃபிஷாக் போகும் பஸ் லோத் ஆற்றின் வடகரையோடு போகிறது. நமக்கு வேண்டிய நிறுத்தம் இரண்டு: பூஸியேஸ், தூர் த ஃபோர். பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் நின்று அடுத்த பஸ்ஸுக்குக் கையைக் காட்டுகிற பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், ஞாயிறும் விடுமுறை நாளும் இன்னும் குறைவு. அட்டவணையில் பள்ளி நாள், பள்ளி விடுமுறை நாள் என்று இரண்டு வகை இருக்கும். எந்தக் குறி எந்த நாளுக்கு என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்காமல் நிற்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். நிறுத்தத்தில் கை நீட்டினால்தான் நிற்பார், அது மட்டும் நம் ஊர் போலவே.

எப்போது

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரிக்கு மேல் போகும் நாள்கள் உண்டு, கூட்டமும் அப்போதுதான். நவம்பரிலிருந்து மார்ச் வரை குகை, ஓட்டல், கடை பலதும் பூட்டு. பெங்களூரு பள்ளி விடுமுறைக்கு ஏப்ரல் கடைசியில் போகிறவர்கள் மழைக்குத் தயாராகப் போங்கள். இங்கே டிசம்பர் காலையில் போடுகிற ஸ்வெட்டர் அங்கே மே மாதக் காலைக்குச் சரியாக இருக்கும். தசரா விடுமுறை இன்னும் நல்லது, வாதுமைக்கொட்டை, அதாவது வால்நட், உதிரும் காலம் அது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், முந்தின நாள் ஏழு மணிக்கு இருந்த வெளிச்சம் மறுநாள் ஆறுக்கே போய்விடும். ஜூனில் இதற்கு நேர் எதிர், ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம்.

பூஸியேஸிலிருந்து நடை

இதுதான் முக்கியமான நடை. பஸ்ஸில் பூஸியேஸ் நிறுத்தத்தில் இறங்கி, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஒடுங்கின பாலத்தில் ஆற்றைத் தாண்டித் தென்கரைக்கு வாருங்கள். எதிரே வண்டி வந்தால் ஓரமாக ஒட்டி நில்லுங்கள். ஆற்றின் போக்குக்கு எதிராக, அதாவது ஆறு உங்கள் இடது கையில் வரும்படி, கிழக்கே நடக்க வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 5 கி.மீ. நின்று பார்த்துப் போனால் இரண்டு மணி நேரம். கடைசிப் பகுதியைத் தவிர எல்லாம் சமதளம்.

கொஞ்ச தூரத்தில் பாறை ஆற்றை நெருங்கி நெருங்கி வந்து, கால் வைக்கக் கரையே இல்லாமல் போகும். அங்கே பாதை பாறைக்குள் நுழைகிறது. குகை இல்லை, சுரங்கமும் இல்லை. செங்குத்துப் பாறையின் அடியில் ஒரு அலமாரித் தட்டைக் குடைந்தெடுத்தது போல, தரையும் பாறை, சுவரும் பாறை, தலைக்குமேல் கூரையும் பாறை. ஆற்றுப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். 1840-களில் படகு இழுப்பதற்காக வெட்டிய பாதை. லோத் ஆற்றில் ஒயினும் மரமும் ஏற்றிய தட்டைப் படகுகள் போர்தோ பக்கம் தானாகப் போய்விடும், திரும்பி வர யாராவது இழுக்க வேண்டும். கயிற்றைத் தோளில் போட்டு மனிதர்களும், பிறகு குதிரைகளும் கரையோடு இழுத்து வந்தார்கள். இந்தப் பாறையிடம் வந்ததும் கரை தீர்ந்துவிடுகிறது. அதற்காகத்தான் இத்தனை வெட்டு. பாவம், வெட்டி முடித்து அரை நூற்றாண்டுக்குள் பள்ளத்தாக்கில் ரயில் வந்து படகுத் தொழிலைத் தின்றுவிட்டது. இன்று அந்த ரயிலும் இல்லை.

சுவரை உற்றுப் பாருங்கள். உளித் தடம் சாய்வாக, வரிவரியாக, நம் அம்மிக் கொத்தினது போலத் தெரியும். ஒரு இடத்தில் பாறைச் சுவர் நெடுக மீன், சிப்பி, நீர்ச்சுழல் எல்லாம் புடைப்பாகச் செதுக்கியிருக்கும். பல பேர் அதைப் பழங்காலத்தது என்று நினைத்துப் பதிவு போடுகிறார்கள். இல்லை, அது தானியேல் மொன்னியே என்ற துலூஸ் சிற்பியின் வேலை, 1980-களில் செய்தது. நல்ல வேலைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இங்கே தவறு நடப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். பாறை தெற்கே இருப்பதால் பாதையில் நாளின் பெரும்பகுதி நிழல்தான். மழை விட்டு இரண்டு நாள் ஆன பிறகும் ஈரம் காயாது. சுண்ணாம்புக்கல் நடந்து நடந்து பளபளவென்று தேய்ந்திருக்கிறது. சாவன்துர்கா, ராமநகரம் பாறைகளில் ஏறிப் பழகினவர்களுக்கு இது ஒரு பொறி: அந்தக் கருங்கல்லின் சொரசொரப்பு காலைப் பிடிக்கும், தேய்ந்த சுண்ணாம்புக்கல் ஈரத்தில் சோப்பு. ஓடுகிற ஷூவில் அடி தேய்ந்திருந்தால் வேண்டாம்; ஆழமான வரி வைத்த, மென்மையான ரப்பர் அடி உள்ள நடை ஷூ போதும், கணுக்கால் மூடிய பூட்ஸ் அவசியமில்லை. ஆற்றுப் பக்கம் கைப்பிடிச் சுவர் கிடையாது, குழந்தைகளைப் பாறைப் பக்கம் நடக்க விடுங்கள். குளிர்காலத்திலும் பெருமழைக்குப் பிறகும் ஆறு ஏறிப் பாதையை மூடும். கல் விழும் ஆபத்து என்று சில நேரம் ஊராட்சியே தடுப்புப் போட்டு அடைத்துவிடும். முந்தின நாள் சுற்றுலா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். தடுப்பில் ஒட்டியிருக்கிற காகிதத்தில் 'ஆங்தெர்தி' என்று படிக்கிற சொல் இருந்தால் அனுமதி இல்லை என்று அர்த்தம். தாண்டிப் போகிற உள்ளூர்க்காரரைப் பார்த்து நீங்களும் தாண்டாதீர்கள்.

பாறைப் பகுதி முடிந்ததும் வயல், நுணா மரம் போல நிழல் தரும் வாதுமை மரங்கள், பழைய மதகு. பிறகு தலைக்குமேல் ஊர் தெரியும், கழுத்தை நன்றாகப் பின்னால் சாய்த்தால்தான். அங்கிருந்து ஏற்றம். நீளம் குறைவு, ஆனால் செங்குத்து. மெதுவாக ஏறினால் அரை மணி நேரம்.

பெட்டியோடு வருகிறவர்கள் இந்த வழியை முதல் நாளே முயல வேண்டாம். தூர் த ஃபோரில் இறங்கிப் பாலம் தாண்டிச் சாலையில் ஏறுங்கள், இரண்டு கிலோமீட்டர் சொச்சம், எல்லாம் மேடு. இழுக்கும் சக்கரப் பெட்டி ஊருக்குள் பயன்படாது. தெரு முழுக்க உருளைக்கல், படிக்கட்டு. முதுகுப் பையில் கொண்டு வாருங்கள். முட்டி வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் மட்டும் கார் சரி, அவர்களுக்கு மேல் பார்க்கிங்கிலிருந்து இறங்குவது சுலபம், திரும்பி ஏறுவதுதான் பாடு.

பாறையில் பூசிய வண்ணம்

பிரான்ஸில் பாதைக்குப் பலகையைவிட வண்ணப் பட்டைதான் பேசும். மரம், கல், மின்கம்பம், வீட்டு மூலை, எதன்மேலும் இருக்கும். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு பட்டை இருந்தால் அது நெடுந்தூரப் பாதை, ஜி.ஆர். என்பார்கள், இந்த ஊர் வழியாகப் போவது ஜி.ஆர். 36. மஞ்சள் மேல், சிவப்பு கீழ் என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றி வரும் பலநாள் பாதை. ஒற்றை மஞ்சள் பட்டை என்றால் ஒரு நாளுக்குள் முடியும் உள்ளூர்ச் சுற்று. பட்டைக்குக் கீழே வளைந்த அம்பு இருந்தால் திருப்பம். பெருக்கல் குறி போல இரண்டு பட்டை குறுக்கே போட்டிருந்தால் 'இந்தப் பக்கம் இல்லை' என்று பொருள். நம் ஆட்கள் பலர் பெருக்கல் குறியைப் பார்த்ததும் 'புதையல் இங்கே' என்ற மாதிரி அதே வழியில் போவதுதான் வேடிக்கை.

ஐந்து நிமிடம் நடந்தும் பட்டை கண்ணில் படவில்லை என்றால் முன்னால் தேடாதீர்கள். கடைசியாகப் பார்த்த பட்டைக்குத் திரும்பி வாருங்கள், திருப்பத்தைத் தவறவிட்டிருப்பீர்கள். காட்டு இலாகா மரத்தில் தெளிக்கிற ஆரஞ்சு, நீலப் புள்ளிகள் வெட்டுகிற மரத்துக்கும் எல்லைக்கும் உள்ள குறி, பாதைக் குறி இல்லை. முக்கோணத்தோடு இரண்டு வட்டம் என்றால் மலைச் சைக்கிள் வழி. கைகாட்டிப் பலகையில் போட்டிருக்கும் நேரம் நிற்காமல் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடக்கிற கணக்கு, அதோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூகுள் மேப்பை நம்பிப் பாதையில் இறங்க வேண்டாம். அது காட்டுகிற கோடுகளில் பாதி தனியார் தோட்டத்து வண்டித்தடம். பிரெஞ்சு அரசின் ஐ.ஜி.என். நிறுவனம் 25,000-க்கு ஒன்று அளவில் போடுகிற வரைபடத்தில் ஒவ்வொரு சுவரும், கிணறும் உண்டு. போன் செயலியிலேயே பார்க்கலாம். தங்கும் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் வரும், போகும். அவசர எண் 112.

ஊருக்குள்

ஊரில் நிரந்தரமாக வசிப்பவர்கள் இருநூறு பேர் சுமார்தான். தெருவோரம் கீழ்த்தளத்தில் அகலமான வளைவு வாசல்கள் தெரியும், அவை வீட்டு வாசல் இல்லை, பட்டறை வாசல். இந்த ஊர் பிழைத்தது மரம் கடைந்து. குறிப்பாக ஒயின் பீப்பாயில் செருகும் மரக்குழாய், புதர் போல வளரும் கெட்டியான பாக்ஸ்வுட் மரத்தில் கடைந்தது. அது வளர்வது மேலே மேட்டில், பீப்பாய் போவது கீழே ஆற்றில். இரண்டுக்கும் நடுவே ஊர்.

மாதா கோயில் 16-ம் நூற்றாண்டுக் கட்டடம். அதற்கும் மேலே 'லாப்போப்பி' என்கிற மொட்டைப் பாறை, கோட்டை இருந்த இடம். போர்களில் அடித்து நொறுக்கிய மிச்சம் இடிந்த சுவர்தான். ஆறு வளைகிற வளைவு முழுதும் தெரிவது இங்கிருந்துதான். காலை எட்டு மணிக்குமுன் ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழும் நாள்களில் ஊர் மட்டும் மேலே மிதக்கும். சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் 1950-ல் வந்து பார்த்துவிட்டு, இங்கே வீடு வாங்கி, கோடைகளை இங்கேயே கழித்தார். அவர் வீடு கரோல் சதுக்கத்தில் இருக்கிறது.

ஊரையே தூரத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் பூஸியேஸ் சாலையில் பான்கூரெல் என்கிற மேட்டுக்குப் போங்கள். லோத்தும் செலேயும் சேருகிற பள்ளத்தாக்கும் அங்கே தெரியும். சாலையோரம் நடக்கையில் இடது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி.

கோஸ் மேடு: தண்ணீர் இல்லாத நடை

ஊருக்குப் பின்னால் ஏறினால் கோஸ் என்று சொல்கிற சுண்ணாம்பு மேட்டுநிலம். கேர்ஸி கோஸ் வட்டாரம் 1999 முதல் வட்டார இயற்கைப் பூங்கா, 2017 முதல் யுனெஸ்கோ புவிப்பூங்கா. குட்டைக் கருவாலி, பாக்ஸ்வுட் புதர், ஜூனிப்பர் செடி, சாந்து வைக்காமல் அடுக்கிய கல் சுவர். வயலில் பொறுக்கிய கல்லை எங்கே போடுவது என்று தெரியாமல் சுவராகக் கட்டினார்கள், அதற்குமேலும் மிஞ்சினதில் இடையர் ஒதுங்க வட்டக் குடிசை. அந்தக் குடிசைக் கூரைக்கும் சாந்து கிடையாது. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிட ஒரு விரல் உள்ளே தள்ளி வைத்து, உச்சியில் ஒரே கல்லால் மூடியது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கட்டின முறை அப்படியே தெரியும். சுவர்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், ஒரு கல் நகர்ந்தால் மீதியும் வரும்.

மழை பெய்தாலும் இங்கே மேலே நீரோடை இருக்காது. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைத்துக் கரைத்து உள்ளே விரிசலாகி, தண்ணீரெல்லாம் நிலத்தடியில் ஓடி, ஆற்றோரம் ஊற்றாக வெளிப்படுகிறது. காவோர் நகரம் குடிப்பது அப்படிப்பட்ட ஓர் ஊற்றுத் தண்ணீர்தான். அதனால் மேலே நடக்கிறவர்களுக்கு ஆறு கண்ணில் தெரியும், நாக்கில் படாது. அரை நாளுக்கு ஆளுக்கு 2 லிட்டர், ஜூலையில் 3. பாறையில் வெட்டிய குட்டிக் குட்டித் தொட்டிகள் வழியில் உண்டு, அவை ஆட்டுக்கு. மனிதர்க்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள்; பூச்செடிக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள். நமக்குச் சங்கடமாக இருக்கும், பிரெஞ்சு நடையர்கள் எல்லாரும் அங்கேதான் பாட்டில் நிரப்புகிறார்கள். 'நோன் பொதாப்ல்' என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

இந்த மேட்டு ஆடுகளைப் பார்க்காமல் வராதீர்கள். உடம்பெல்லாம் வெள்ளை, காதும் கண்ணைச் சுற்றியும் மட்டும் கறுப்பு, யாரோ உட்கார்ந்து மை தீட்டி அனுப்பினது போல. மேய்ச்சல் நிலத்துக் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போவது கட்டாயம்.

புதரில் உண்ணி உண்டு. முழுக் காலுறை, வெளிர் நிறக் கால்சட்டை, மாலையில் முட்டிமடிப்பு, இடுப்பு, அக்குள் பார்ப்பது. ஒட்டியிருந்தால் எண்ணெய் ஊற்றவோ தீப்பெட்டி காட்டவோ கூடாது. மருந்துக்கடையில் இரண்டு மூன்று யூரோவுக்குக் கிடைக்கும் கொக்கியைத் தோலோடு ஒட்டி நுழைத்துச் சுழற்றி எடுக்க வேண்டும். கடித்த இடத்தில் சில வாரத்தில் சிவப்பு வளையம் பரவினால், பெங்களூரு வந்த பிறகும், உண்ணி கடித்தது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். உண்ணியால் வரும் லைம் நோய் நம் ஊரில் அரிது, டாக்டருக்குத் தானாக நினைவுக்கு வராது. செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக் காலம். துப்பாக்கிச் சத்தமோ 'ஷாஸ்' என்று தொடங்கும் பலகையோ கண்டால் வேறு வழி எடுங்கள், உடை பளிச்சென்று இருக்கட்டும்.

பெஷ் மெர்ல் குகை

காப்ரெரே என்ற அடுத்த கிராமத்திலிருந்து மேலே அரை மணி நேர ஏற்றத்தில் பெஷ் மெர்ல், கற்கால ஓவியங்கள் உள்ள குகை. 1922-ல் ஆந்த்ரே தவீத், ஆன்றி துதெர்த்ர் என்ற இரண்டு பையன்கள் ஊர்ந்து போய்க் கண்டுபிடித்தது, 1926-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. அசல் ஓவியத்துக்கு முன்னாலேயே நிற்கலாம் என்பதுதான் இதன் பெருமை. புகழ்பெற்ற லாஸ்கோ ஓவியக் குகையில் காட்டுவது நகல். ஒரு நாளைக்கு 700 பேருக்குமேல் விடமாட்டார்கள், அதனால் கோடையில் முன்பதிவு இல்லாமல் ஏறிப் போவது வீண். உள்ளே எப்போதும் 12 டிகிரி சுமார். வெளியே 34 டிகிரி வெயிலில் வியர்த்து ஏறினவர்கள் டி-சர்ட்டோடு உள்ளே போனால் ஒரு மணி நேரம் பல்லைக் கடிக்க வேண்டியதுதான். ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். படம் எடுக்க அனுமதி கிடையாது.

புள்ளிக் குதிரைகளுக்கு முன்னால் அவசரப்படாதீர்கள். இரண்டு குதிரைகள், முதுகுப்புறம் ஒன்றோடொன்று மேவி, எதிரெதிர்த் திசையில். வலப்பக்கம் பாறையின் ஓரமே இயற்கையாகக் குதிரைத் தலை வடிவில் இருக்கிறது. அந்த வடிவம்தான் வரைந்தவனுக்கு யோசனை கொடுத்திருக்க வேண்டும், ஆனால் அவன் வரைந்த தலை அதைவிடச் சின்னது. உடம்பு முழுக்க, உடம்புக்கு வெளியேயும் கரும்புள்ளி. சுற்றிக் கை அச்சுகள். கையை வைத்து அதன்மேல் வாயால் வண்ணத்தை ஊதியது. மிஷேல் லோர்பிளான்ஷே என்ற ஆய்வாளர் இந்தப் படத்தை அதே முறையில், வாயில் கரியை மென்று துப்பித் துப்பி மறுபடி வரைந்து பார்த்தார், 32 மணி நேரம் பிடித்தது. படத்தின் வயது ஏறத்தாழ 29,000 ஆண்டு. புள்ளி வைத்த குதிரை கற்பனை என்றுதான் பலகாலம் சொன்னார்கள். 2011-ல் பழங்காலக் குதிரை எலும்புகளின் டி.என்.ஏ.வைப் பார்த்தபோது அப்படிப்பட்ட புள்ளிக் குதிரைகள் அன்று உண்மையிலேயே இருந்தன என்று தெரிந்தது.

கார் வைத்திருக்கிறவர்கள் வடக்கே பதிராக் பாதாளத்துக்கும் ரொக்கமதூருக்கும் ஒரு நாள் போகலாம். பதிராக்கில் 103 மீட்டர் ஆழத்தில் படகு, 13 டிகிரி, நேரம் குறித்த டிக்கெட். ரொக்கமதூரில் யாத்திரிகர் மண்டியிட்டு ஏறிய 216 படி. ஆகஸ்டில் இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

சாப்பாடு

சைவர்களுக்கு இது சுலபமான வட்டாரம் இல்லை. வாத்து இல்லாத தட்டு கிடையாது. சாலட் கேட்டால் அதன்மேல் வாத்து இரைப்பையும் பன்றிக்கொழுப்புத் துண்டும் வரும், 'காய்கறி சூப்' இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம், உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் பொரிந்திருக்கும். 'சைவம்' என்று சொன்னால் மீன் கொண்டுவருவார்கள். 'சான் வியாந்த், சான் புவாஸோன், சான் லார்தோன்' என்று இறைச்சி, மீன், பன்றித்துண்டு மூன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள். ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ் வில்லை 35 கிராம் சுமார், அருமையான சரக்கு. ஆனால் உறை ஊற்றுவது கன்றின் இரைப்பை நொதியில், கடுமையான சைவர்கள் தெரிந்து முடிவெடுங்கள். மதியம் 12-லிருந்து 2 வரைதான் அடுப்பு. இரண்டேகாலுக்குப் போய் நின்றால் பரிதாபமாகப் பார்ப்பார்கள், சமைக்க மாட்டார்கள்.

அதனால் சமையலறை உள்ள வீடு எடுங்கள். கோடையில் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில்தான் கொடுப்பார்கள். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்த்தியா என்று கேளுங்கள், பல இடத்தில் தனிக்காசு. அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் உங்கள் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. மின்சாரம் 230 வோல்ட், நம்முடையதேதான். இரண்டு முள் சார்ஜர் அப்படியே நுழையும், மூன்று முள் நுழையாது.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்பதில் நம்மவர்கள் தவறு செய்வது நெய்யில். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள் எதுவும் கொண்டுபோகக் கூடாது, நெய் பால் பொருள். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், பச்சை மிளகாய் எதற்கும் தாவர நலச் சான்று வேண்டும். சான்று வேண்டாதவை வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் மட்டும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், பெருங்காயம், அப்பளம் தாராளமாக. மீதியைக் காவோரில் வாங்கலாம், புதன், சனி காலை மாதா கோயில் முன்னால் சந்தை. சூப்பர் மார்க்கெட்டில் 'லாந்தி கோராய்' என்று ஆரஞ்சு நிற மைசூர்ப் பருப்பு கிடைக்கும், குக்கர் இல்லாமலே கால் மணியில் வேகும். தயிர்சாதத்துக்கு 'யாவூர்த் ப்ராஸே நாத்யூர்', இனிப்பில்லாத கலக்கிய தயிர். மோர் வேண்டுமென்றால் 'லே ரிபோ'. சாமான் எல்லாம் சனிக்கிழமை மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள், ஞாயிறு மதியத்துக்குமேல் ரொட்டிகூடக் கிடைக்காது, திங்களும் பல கடை பூட்டு.